கண்ணாடி அலுமாரியில் சாகும் வைன்

எங்கள் வீடுகளில் நல்ல வைன் நின்றபடியே சாகிறது. பாரிஸின் புறநகர்களில், லண்டன் ஹரோவில், ஸ்காபரோவில் நான் போன வீடுகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கும். மேல்தட்டில் பிள்ளையின் நடனக் கேடயங்கள், நடுத்தட்டில் நல்லூர்க் கோபுரத்தின் சிறு வடிவம், கீழ்த்தட்டில் நேராக நிறுத்திவைத்த போர்தோ போத்தல்கள். அலுமாரிக்குள் ஒரு சின்ன மின்விளக்கு வேறு. விருந்தாளி வந்தால் அதைப் போடுவார்கள். விருந்தாளி போத்தலைப் பார்ப்பார், ஆண்டைப் பார்ப்பார், விலையைக் கேட்பார். பிறகு எல்லாரும் போய் விஸ்கி குடிப்பார்கள்.

கார்க் என்பது ஒரு மரத்தின் பட்டை. வைன் அதை நனைத்துக்கொண்டிருக்கும்வரை உப்பி நின்று கழுத்தை அடைத்திருக்கும். போத்தலை நிறுத்திவைத்தால் வருடக்கணக்கில் அது உலரும், சுருங்கும், காற்று உள்ளே போகும். அதனால்தான் படுக்கவைப்பது. வெப்பம் 12 பாகை அளவில் இருக்கவேண்டும், அதைவிட முக்கியமாக ஏறி இறங்காமல் இருக்கவேண்டும். இருட்டு வேண்டும், கொஞ்சம் ஈரப்பதன் வேண்டும். எங்கள் வரவேற்பறையில் மாரிகாலத்தில் ஹீற்றர் 23 பாகைக்கு எரிகிறது, பக்கத்துக் குசினியில் மீன் பொரிகிறது, அலுமாரி விளக்கு மேலே நின்று காய்கிறது. அப்படிப் பத்து வருடம் நின்ற போத்தலுக்குள் இருப்பது அவிந்த திராட்சைச் சாறு. அதை வைத்திருப்பவர் மட்டும் அது விலை ஏறிக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறார்.

இது எங்கள் ஆட்களின் தனி வியாதி என்றும் சொல்லமாட்டேன். 1985 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1787ஆம் ஆண்டின் லாஃபித் என்று சொல்லப்பட்ட ஒரு போத்தல் 105,000 பவுணுக்குப் போனது. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி ஜெபர்சனுடையது என்று அதற்கு ஒரு கதையும் இருந்தது. வாங்கியவர்கள் ஃபோர்ப்ஸ் குடும்பத்தினர். நியூயோர்க்கில் அவர்களுடைய காட்சிக்கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் அதை நிறுத்திவைத்தார்கள். கார்க் காய்ந்து உள்ளே விழுந்தது. போத்தலின் உண்மைத்தன்மையே பின்னாளில் கேள்விக்குள்ளானது வேறு விடயம். கோடீஸ்வரர் செய்தாலும் எங்கள் அண்ணை செய்தாலும் விளக்கு கார்க்குக்குச் செய்வது ஒன்றுதான்.

“இது எண்பத்தொன்பதாம் ஆண்டுப் போத்தல் தம்பி. மகளின்ர கலியாணத்துக்கு வைச்சிருக்கிறன்” என்று எனக்கு ஒருவர் சொன்னார். மகளின் கலியாணம் நடந்து மூன்று வருடமாகிறது. மண்டபத்தில் விஸ்கிதான் ஓடியது. போத்தல் இப்போது பேரனின் பதினெட்டாவது பிறந்தநாளுக்குக் காத்திருக்கிறது. பேரனுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. பிளாஸ்ரிக் உறை கழற்றாத சோபா, வங்கி லொக்கரில் கிடக்கும் பதக்கம் சங்கிலி, ஊரில் பூட்டிக்கிடக்கும் மாடிவீடு, அந்த வரிசையில் இந்தப் போத்தலும் ஒன்று. ஆனால் சோபாவும் சங்கிலியும் வீடும் ஓரளவு பொறுக்கும். வைன் பொறுக்காது. அதற்குள் ஒரு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த நேரத்தைப் பற்றித்தான் எங்களுக்குள் மிகப் பெரிய பொய் உலவுகிறது. பழசு ஆக ஆக வைன் நல்லது என்ற பொய். உலகத்தில் வடிக்கப்படும் வைனில் மிகப் பெரும்பகுதி ஓரிரு வருடத்துக்குள் குடித்து முடிப்பதற்கென்றே வடிக்கப்படுகிறது. சுப்பர்மார்க்கெற்றில் ஆறு யூரோவுக்கு வாங்கிய சிவப்பு வைனைப் பதினைந்து வருடம் வைத்தால் கிடைப்பது பதினைந்து வருடம் பழுதான ஆறு யூரோ வைன். முதிர்வதற்குச் சில வைனுக்குத்தான் உடம்பு இருக்கிறது. புளிப்பு வேண்டும், சிவப்பென்றால் துவர்ப்பும் வேண்டும், சிலவற்றுக்குச் சீனி காவலாக நிற்கும். இளமையில் வாயைப் பிடித்து இறுக்கும் டானின் வருடங்கள் போகப்போக நிறப்பொருளோடு பிணைந்து பெருத்து மண்டியாக அடியில் இறங்கும். கருஞ்சிவப்பு செங்கல் நிறத்துக்கு வரும். வெள்ளை வைன் எதிர்த்திசையில் போகும். அது பொன்னாகி, தேன் நிறமாகிக் கறுக்கும். பழ வாசம் பின்வாங்கி, காய்ந்த இலை, தோல், காளான், புகையிலை என்று வேறொரு உலகம் முன்னே வரும். பிறகு ஒருநாள் எல்லாம் போய்விடும். ஏறுமுகம், உச்சி, இறங்குமுகம் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. உச்சி எப்போது என்று போத்தலில் எழுதியிருக்காது. திறந்து பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் ஒரே வைனில் ஆறு போத்தல் வாங்குவது: மூன்றாம் வருடம் ஒன்று, ஆறாம் வருடம் ஒன்று என்று அதன் வயதைக் கூடவே இருந்து பார்ப்பதற்கு.

பெயரும் ஊரும்கூட உறுதி தராது. 1976இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய கண்மூடிச் சுவைப்பில் கலிபோர்னிய வைன்கள் போர்தோவையும் பர்கண்டியையும் முந்தின. பிரெஞ்சுத் தரப்பு அப்போது சொன்ன சமாதானம், இளம் வைனை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, எங்களுடையது முதிரட்டும், அவர்களுடையது முதிராமலே விழுந்துவிடும் என்பது. முப்பது வருடம் கழித்து, 2006இல், அதே சிவப்பு வைன்களை மறுபடி திறந்தார்கள். முதலாவது வந்தது கலிபோர்னியாவின் ரிட்ஜ் மொன்ரே பெல்லோ 1971. முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கே. பிரெஞ்சு நாட்டில் முப்பது வருடத்துக்கு மேலாக உழைத்து வரி கட்டுபவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு சிறு சந்தோசம் உண்டு என்பதை மறைக்கமாட்டேன்.

விலையைப் பற்றிப் பேசுபவர்களுக்கு இரண்டு கதை. லாஃபித் 2008 போத்தலின் தோளில் சீன எழுத்தில் எட்டு என்ற எண்ணைப் பொறிக்கப்போவதாக 2010இல் அறிவித்தார்கள். எட்டு சீனர்களுக்கு அதிர்ஷ்ட எண். உடனே விலை துள்ளியது. உள்ளே இருந்த வைன் முந்தின நாள் இருந்த அதே வைன். துள்ளியது கண்ணாடி.

இரண்டாவது, ரூடி குர்னியவான். அமெரிக்க ஏலங்களில் அரிய பர்கண்டிகளை விற்றுப் பெரிய பெயர் எடுத்த ஆள். 2008இல் நியூயோர்க் ஏலமொன்றுக்கு டொமேன் பொன்சோவின் குளோ சன் டெனி வைன்கள் 1945 தொடங்கி 1971 வரையான ஆண்டுகளோடு வந்தன. பர்கண்டியிலிருந்து லொரான் பொன்சோ நேரே வந்து நிறுத்தினார். ஏனென்றால் அவர்களுடைய குடும்பம் அந்த வைனை வடிக்கத் தொடங்கியதே 1982இல்தான். பிறகு பார்த்தால் ரூடி தன் வீட்டுக் குசினியில் வைனைக் கலந்து, பழைய லேபிளைப் போல அச்சடித்து ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார். 2014இல் பத்து வருடச் சிறை. அவர் அவ்வளவு காலம் தப்பியதற்குக் காரணம் எளிது. வாங்கியவர்களில் பலர் திறக்கவில்லை. திறந்தவர்களில் பலருக்கு அந்த வைன் எப்படி இருக்கவேண்டும் என்று நாக்கில் ஞாபகம் இல்லை. திறக்காத போத்தலைப் போலக் கள்ளனுக்கு வசதியான பொருள் வேறில்லை.

என்னிடம் நூற்று நாற்பது போத்தல் வரை இருக்கிறது. பெரிய சேகரிப்பு அல்ல. நாங்கள் இருக்கும் பழைய அடுக்குமாடியின் அடித்தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று சதுர மீற்றரில் ஒரு நிலவறை தந்திருக்கிறார்கள். ‘காவ்’ என்பார்கள் இங்கே. மற்றவர்கள் அதில் பழைய சைக்கிளும் குழந்தைத் தள்ளுவண்டியும் போட்டிருக்கிறார்கள். மாரியில் 11 பாகை, கோடையில் 17க்கு மேல் போகாது. தொடக்கத்தில் உணவகமொன்றில் பாத்திரம் கழுவினேன், பிறகு அங்கேயே குசினியில் நின்றேன். இரவு முடிவில் வாடிக்கையாளர் விட்டுப்போன போத்தல்களின் அடியில் இருப்பதை, பரிமாறுகிற பெரியவர் எங்கள் எல்லாருக்கும் விரல்கடை அளவு ஊற்றித் தருவார். “என்ன மணக்கிறது?” என்று மட்டும் கேட்பார். சரி, பிழை என்று ஒருநாளும் சொன்னதில்லை. வைன் பற்றி நான் படித்த பள்ளிக்கூடம் அதுதான்.

முதிர்ந்த வைன் பணக்காரன் சமாச்சாரம் என்பவர்களுக்காகச் சொல்கிறேன். என்னுடைய நிலவறையில் 1855இல் தரம்பிரித்த போர்தோப் பெரும்பெயர் ஒன்றுகூட இல்லை. தென்மேற்கின் காஓர், மதிரான், லுவார் ஆற்றோரத்து ஷினோன், வூவ்ரே, அல்சாஸின் ரீஸ்லிங், ரோன் வடக்கின் குரோஸ்-ஏர்மித்தாஜ், ஜூராவின் மஞ்சள் வைன். பெரும்பாலானவை வாங்கும்போது பத்து முதல் இருபத்தைந்து யூரோ. எங்கள் கொண்டாட்டங்களில் ஒரு மேசையில் ஓடும் விஸ்கியின் காசுக்கு ஒரு பெட்டி வாங்கலாம். நேரம்தான் விலை. அது எல்லாருக்கும் ஒரே விலைக்குத்தான் கிடைக்கிறது.

இனி நாக்குக்கு வருகிறேன். உண்மையான சண்டை அங்கேதான்.

என் தங்கையின் மகள் லண்டனில் பிறந்தவள். வேலைக்காக வைன் சான்றிதழ் வகுப்புக்குப் போகிறாள். போன நத்தாருக்கு இங்கே வந்தபோது குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். எல்லாம் கூஸ்பெரி, பிளாக்கரன்ற், ஈரக் கூழாங்கல். “மாமா, எனக்கு ஒண்டும் மணக்கிறேல்லை. எல்லாரும் எழுதிறதை நானும் எழுதிறன்” என்றாள். 2001 அல்சாஸ் ரீஸ்லிங் ஒன்று திறந்தேன். நல்ல மஞ்சள். அவள் மணந்துவிட்டு, “பெற்றோல் எண்டு எழுதவேணும்” என்றாள். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. பக்கத்தில் கதிரையில் இருந்தவர் என் அம்மா. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாதவர். கிளாஸை அவருடைய மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். இரண்டு தரம் மணந்தார். “விளக்குச் சிமினி துடைச்ச சீலை” என்றார். பிறகு என்னைச் சந்தேகமாகப் பார்த்து, “இதையே காசு குடுத்து வாங்கினனீ?” என்று கேட்டார்.

அம்மா சொன்னதுதான் சரி. முதிர்ந்த ரீஸ்லிங்கில் வரும் அந்த வாசத்துக்கு டி.டி.என். என்று சுருக்கப் பெயர் கொண்ட ஒரு சேர்மம் காரணம். திராட்சைத் தோலில் வெயில் படப்பட அதற்கான மூலப்பொருள் கூடும், போத்தலில் வயது ஏற ஏற அது வெளிவரும். ஆங்கிலத்தில் அதைப் பெற்றோல் என்று எழுதிவைத்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் இருந்த எவரையும் கேளுங்கள். நாலு சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடிய ஊர் அது. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் உள்ள வித்தியாசத்தை மூக்காலே அளந்த தலைமுறை. இதில் பாடப்புத்தகம் எங்களிடம் வந்து படிக்கவேண்டும். ஆனால் எங்கள் பிள்ளை அந்த மூக்கு பக்கத்துக் கதிரையில் இருக்க, கண்ணால் காணாத கூஸ்பெரியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மிளகுக்கும் அதே கதை. ரோன் வடக்கின் சிறா வைனில் மிளகு வாசம் என்று எழுதுவார்கள். அது உவமை அல்ல. ரொட்டண்டோன் என்ற சேர்மம் அந்தத் திராட்சையின் தோலில் இருக்கிறது. எங்கள் கறுத்த மிளகுக்கு மணம் தருவதும் அதே சேர்மம்தான். அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் அதை வைனில் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மணந்து பார்க்கச் சொன்னவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது தெரியவே இல்லையாம். இரசம் வைக்கும் வீட்டில் வளர்ந்தவர் தனக்குத் தெரிகிறதா என்று பார்க்க வகுப்புக்குப் போகத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஜூராவின் மஞ்சள் வைன், ‘வன் ஜோன்’. சவன்ஞா என்ற வெள்ளைத் திராட்சை. பீப்பாவில் ஊற்றி, குறையக் குறைய நிரப்பாமல் விடுவார்கள். மேலே நொதி ஆடைபோலப் படரும். அறுவடையிலிருந்து ஆறு வருடமும் மூன்று மாதமும் போனபின்தான் போத்தலில் அடைக்க அனுமதி. போத்தல் 62 சென்ரிலீற்றர். ஒரு லீற்றரில் காற்றுக்குக் கொடுத்தது போக மிச்சம் என்று சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் அதன் மணத்தை அக்ரூட் கொட்டை என்று எழுதுவார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் ‘கறி’ என்று எழுதுவார்கள். அவர்கள் சொல்லத் தடுமாறும் சொல் வெந்தயம். சொத்தோலோன் என்ற ஒரே சேர்மம்தான் வெந்தயத்திலும் இந்த வைனிலும் இருக்கிறது. பழைய மதேராவிலும் வயதேறிய சொத்தேர்னிலும்கூட அது எட்டிப்பார்க்கும். 1999ஆம் ஆண்டு மஞ்சள் வைனை மீன் சொதியோடு வைத்துப் பாருங்கள். தேங்காய்ப்பால், மஞ்சள், பச்சைமிளகாய், வெந்தயம், கடைசியில் தேசிக்காய்ப்புளி. கிளாஸுக்குள் இருக்கும் வெந்தயமும் கோப்பைக்குள் இருக்கும் வெந்தயமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். திறந்த போத்தல் சில வாரம் கெடாது என்பது மேலதிக வசதி. அதேவேளை, நண்டுக்கறியோடு பழைய போர்தோவைத் திறப்பவரிடமிருந்து போத்தலைப் பறிக்கவேண்டும். தூளின் உறைப்பு டானினைக் கசப்பாக்கி, முதிர்ச்சியின் மெல்லிய வாசங்களைத் துடைத்துவிடும். நண்டுக்கறிக்கு பியரோ தண்ணீரோ போதும்.

துவர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வைனின் முதுகெலும்பு அது. ஐரோப்பியச் சுவைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அது சுவை அல்ல, வாய் உணரும் தொடுகை என்று விஞ்ஞானம் விளக்கம் சொல்லும். சொல்லட்டும். எங்கள் அறுசுவையில் அது ஆதியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் படிகளும் எங்களிடம் உண்டு. இள மதிரான் பச்சைப் பாக்கைக் கடித்த மாதிரி. ஐந்து வருடத்தில் அது சாயம் கூடிய வெறுந்தேத்தண்ணி. பன்னிரண்டு வருடத்தில் நாவற்பழம் தின்று அரைமணி கழிந்த நாக்கு. இந்த மூன்று சொல்லும் தெரிந்த ஒருவர் அந்த வைனின் வயதைக் கண்மூடிச் சொல்லலாம். இதை விட்டுவிட்டு ‘உலர்ந்த வைன்’ என்று மொழிபெயர்க்கிறார்கள், வைன் என்ன கருவாடா? இனிப்பில்லாத வைன் என்று சொன்னால் முடிந்தது.

சொல் இரவல் என்றால் மணமும் இரவல்தான். 2001இல் போர்தோவில் வைன் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு எழுதியது. ஊர் பிறந்தவர்களுக்கே அந்த நிலைமை என்றால், லேபிளையும் விலையையும் ஆங்கிலப் பட்டியலையும் பார்த்துச் சுவைக்கும் எங்கள் நிலைமை என்ன?

“வைன் எங்கட பண்பாடே இல்லை” என்று ஒரு தரப்பு சொல்கிறது. பெரும்பாலும் கையில் பிளாக் லேபிள் கிளாஸோடு நின்று சொல்கிறது. ஸ்கொட்லாந்து எந்தக் காலத்தில் வன்னியில் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. யவனர் கப்பலில் கொண்டுவந்த மணமுள்ள தேறலை நக்கீரர் பாண்டியனுக்கு வாழ்த்தாகப் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அரிக்கமேட்டு மண்ணுக்குள் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைசல் கிடைத்திருக்கிறது. நிலத்தில் புதைத்து முதிரவைத்த மட்டைக் கபிலர் பாரியின் நாட்டோடு சேர்த்துப் பாடுகிறார். இதைச் சொல்லி நாங்களே முதல் என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. அந்தப் பெருமையடிப்பும் கண்ணாடி அலுமாரிதான். குடிப்பொருளின் வயதைக் கவனித்த மொழி இது என்பது மட்டும்தான் என் வாதம்.

ஆனால் அந்தக் கவனம் எங்கே உயிரோடு இருந்தது என்று கேட்டால், புலவர்களைவிடப் பனையேறியவர்களிடம்தான் இருந்தது. எந்தப் பனையின் கள்ளு எந்த மாதத்தில் எப்படி, முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு, காலை இறக்கியது மத்தியானத்தில் என்ன ஆகும், பின்னேரத்தில் என்ன ஆகும். பர்கண்டிக்காரர் ஒவ்வொரு தோட்டத் துண்டுக்கும் ஒவ்வொரு பெயர் வைத்து உலகத்துக்கு விற்கும் அறிவு இதுதான். வைனுக்கு இருபது வருடம், கள்ளுக்கு ஒரு பகல், கணக்கு ஒன்றுதான். அந்த அறிவை வைத்திருந்தவர்களைக் கோயிலுக்குள் விடாமல், கிணற்றில் அள்ளவிடாமல் வைத்திருந்தது எங்கள் யாழ்ப்பாணம். அவர்கள் இறக்கிய கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடித்துவிட்டு அவர்களுக்குச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றியது. அந்தக் கள்ளை இழிவென்று சொன்ன வாய் இன்று போர்தோவில் எந்தக் கரை உயர்ந்தது, இடதா வலதா என்று விவாதிக்கிறது. கள்ளுக்கு நாக்கு இருந்தவனைத் தள்ளிவைத்த சமூகத்துக்கு வைனுக்கு நாக்கு எங்கிருந்து வரும்? லேபிள்தான் வரும்.

குடியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அழிவைப் பற்றிப் பேசாமல் போவது அயோக்கியத்தனம். குளிருக்கும் தனிமைக்கும் இரட்டை வேலைக்கும் நடுவில் குடித்தே முடிந்துபோனவர்களை லாச்சப்பலில் நாங்கள் எல்லாரும் அறிவோம். பெயர் சொல்லாமலே ஆளாளுக்கு நாலு முகம் ஞாபகம் வரும். அடி வாங்கிய பெண்களும் பயந்து படுத்த பிள்ளைகளும் இந்தப் பக்கங்களைப் படிப்பார்கள். அவர்கள் மது என்ற சொல்லையே வெறுத்தால் அதற்கு எதிராக என்னிடம் ஒரு வாதமும் கிடையாது. குடிக்காதவரைக் குடிக்கச் சொல்வதும் என் வேலை அல்ல. என் அம்மா மணந்து மட்டும் பார்த்தார், அந்த மேசையில் இருந்த எவரையும்விட நன்றாகச் சுவைத்தார். சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது என்ற மருந்துக் கதையையும் நிறுத்துங்கள். 1991இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி பரப்பிய ‘பிரெஞ்சுப் புதிர்’ அது. அதற்கு மூன்று வருடத்துக்கு முன்பே, 1988இல், மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. நல்லது என்று நான் எங்கும் எழுதவில்லை. குடிப்பதென்றால் குறைவாக, மெதுவாக, என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து குடிப்பது என்பதுதான் பேச்சு. ஒரு போத்தலை எட்டுப் பேர் இரண்டு மணி நேரம் பேசிக் குடித்த இரவுகளில் ஒருவரும் ஒருவரையும் அடித்ததை நான் காணவில்லை.

எங்கள் விழாக்களில் ஆண்கள் பக்கம் விஸ்கியும், பெண்கள் பக்கம் ஸ்பிரைற் கலந்த வைனும் ஓடுவது இன்னொரு கூத்து. பெண்ணுக்கு நாக்கில்லை, இனிப்பு மட்டும் போதும் என்று யாரோ முடிவெடுத்துவிட்டார்கள். போன மாரியில் நாலு போத்தல் திறந்தபோது குரோஸ்-ஏர்மித்தாஜ் 2010இல் மிளகை முதலில் பிடித்தவர் நண்பரின் மனைவி. நண்பருக்கு அது கடைசிவரை தெரியவில்லை. அந்த ஐந்தில் ஒருவர் அவர்தான் போலிருக்கிறது. அதே இரவில் ஒரு காஓர் கார்க் நோய் பிடித்து நனைந்த சாக்காக மணந்தது. கழுவுதொட்டியில் ஊற்றினோம். கைத்தொழிலில் அப்படியும் நடக்கும். அதற்காக ஒருவரும் போத்தலைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூசிக்கவில்லை.

அலுமாரிக்காரருக்கு இனிச் செய்முறை. உங்களுடைய போத்தல் ஏற்கெனவே நிற்கிறது, ஆகவே நிறுத்திவைத்து மண்டி இறங்கக் காத்திருக்கும் வேலை மிச்சம். கழுத்தில் வைன் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம். பழைய கார்க் பிட்டுப்போல உதிரும், திருகாணியை நேராக, மெதுவாக இறக்குங்கள். உதிர்ந்தால் தேத்தண்ணி வடி போதும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஆடாமல் ஊற்றி, மண்டி கழுத்துக்கு வரும்போது நிறுத்துங்கள். மிகப் பழசென்றால் மணிக்கணக்கில் காற்றாட விடாதீர்கள், அரைமணியில் வாசம் போய்விடும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றவேண்டாம். வீட்டில் உள்ள மூத்த பெண்ணிடம் முதலில் மணக்கக் கொடுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். ரீஸ்லிங் 2001இல் என்னிடம் இன்னும் இரண்டு இருக்கிறது, இந்தச் சித்திரைக்கு ஒன்று திறக்கிறேன்.